வளரவிடப்படாத சிறுவன்: சாபுவும் திரையின் நிறமும்



திரைப்படத்தில் கறுப்பின நடிகர்கள் எவ்வாறு வளர்ந்தார்கள் என்பதை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க வரலாறாகிய இதை நஞ்சன்கூட்டில் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். இந்த ஊரைத் தொட்டு ஓடும் கபிலை ஆறே அதற்கு விடை. நாம் கபிலை என்றும் கபினி என்றும் அழைக்கும் இந்த ஆறு நம் ஊருக்கு வருமுன் ஹெக்கடதேவனகோட்டைத் தாலுகாவின் காடுகளைக் கடந்து வருகிறது. அங்கே காராபுரம் என்ற சிற்றூரில் 1924 ஜனவரி 27 அன்று ஒரு யானைப்பாகனின் மகன் பிறந்தான். இளம் வயதிலேயே தந்தையை இழந்து, மைசூர் மகாராஜாவின் யானைக் கொட்டாரத்தில் வளர்ந்தான். பதின்மூன்று வயதில் உலகம் அறிந்த நடிகனானான். சாபு என்ற ஒற்றைப் பெயரால் லண்டனிலும் ஹாலிவுட்டிலும் புகழ்பெற்ற அந்தச் சிறுவனின் வாழ்க்கை, கறுப்பின நடிகர்களின் வரலாற்றோடு ஒரே கூடாரத்தில், பல முறை ஒரே இயக்குநரின் கையில், பின்னிக் கிடக்கிறது. அந்தப் பின்னலைப் பிரித்துப் பார்த்தால் நம் திரையைப் பற்றியும் ஓர் உண்மை புலப்படும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு நிறத்தின் வளர்ச்சியைத் தனி நடிகரின் திறமையோ புகழோ விருதோ மட்டும் தீர்மானிப்பதில்லை. கதையை எழுதும் கை யாருடையது, அரங்கில் அமர்ந்து கேள்வி கேட்கும் குரல் யாருடையது என்ற இரண்டுமே தீர்மானிக்கின்றன. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய புகழும் ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும்.

முதலில் சாபுவின் கதையை வரிசையாகப் பார்ப்போம். ஆவணப்படக் கலையின் முன்னோடியான ராபர்ட் ஃபிளாஹர்ட்டி, கிப்ளிங்கின் யானைக் கதையைப் படமாக்க 1935இல் மைசூருக்கு வந்தார். தயாரித்தவர் லண்டனின் அலெக்சாண்டர் கோர்டா. மகாராஜாவின் யானைக் கொட்டாரத்திலிருந்து படக்குழு தேர்ந்தெடுத்த சிறுவன்தான் சாபு. ஃபிளாஹர்ட்டி இங்கே எடுத்தவற்றோடு, அலெக்சாண்டரின் தம்பி சோல்டான் கோர்டா இங்கிலாந்தில் எடுத்த காட்சிகளும் சேர்ந்து, 'எலிஃபண்ட் பாய்' 1937இல் வெளியானது. வெனிஸ் விழாவில் இயக்கத்துக்கான பரிசும் பெற்றது. யானையின் தும்பிக்கையில் கால் வைத்து ஏறும் சாபுவின் உடல்மொழியில் நடிப்பென்று பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. அது அவன் பிழைப்பின் மொழி. ஆனால் அந்தப் படத்தில் அவனுடைய தந்தையாக, அதாவது மைசூர் யானைப்பாகனாக வருபவர் டபிள்யூ. ஈ. ஹாலோவே என்ற வெள்ளை நடிகர். மகனுக்கு இயற்கை நிறம், தகப்பனுக்கு அரிதாரம். ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த 'ஜங்கிள் புக்' படத்தில் மௌக்ளியாக நடித்த சாபுவுக்குத் தாயாக வருபவர் ரோஸ்மேரி டிகேம்ப் என்ற அமெரிக்கர். திரையில் சாபுவுக்கு உறவென்று வாய்த்தவர்கள் பலரும் சாயம் பூசிய முகங்களே. ஒரு சிறுவனின் முகம் திரைக்கு வேண்டியிருந்தது. அவனுடைய மக்கள் வேண்டியிருக்கவில்லை.

இதே கோர்டா சகோதரர்களின் நிறுவனம், 'எலிஃபண்ட் பாய்' படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1935இல், 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' என்ற படத்தை வெளியிட்டது. இயக்கியவர் சோல்டான் கோர்டா. அதில் ஆப்பிரிக்கத் தலைவனாக நடித்தவர் பால் ரோப்சன். பாடகர், வழக்கறிஞர் படிப்பு முடித்தவர், விளையாட்டு வீரர், கறுப்பின மக்களின் உரிமைக் குரல் எனப் பல பெருமைகள் உடைய மனிதர். ஆப்பிரிக்கப் பண்பாட்டை மதிப்போடு காட்டும் படம் என்று நம்பி அவர் நடித்தார். முடிந்து வந்த படமோ பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரியைப் போற்றுவதாக இருந்தது. ரோப்சன் அந்தப் படத்தை வெளிப்படையாகவே மறுத்தார். 1942க்குப் பிறகு, இழிவான பாத்திரங்களே கிடைக்கின்றன என்று சொல்லி ஹாலிவுட்டை விட்டும் விலகினார். இதே ரோப்சன் 'சாண்டர்ஸ்' படத்துக்குப் பத்து ஆண்டுகள் முன், 1925இல், 'பாடி அண்ட் சோல்' படத்தில் இரட்டை வேடம் ஏற்றிருந்தார். அதை எழுதி இயக்கித் தயாரித்தவர் ஆஸ்கார் மிஷோ என்ற கறுப்பினக் கலைஞர். அதே நடிகர், அதே குரல், அதே ஆற்றல். மிஷோவின் கையில் அவர் மனிதர். கோர்டாவின் கையில் அவர் பேரரசின் விசுவாசி. நடிகரின் திறமையே எல்லாம் என்பவர்கள் இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

ரோப்சன் மறுத்த அந்த இடத்தில்தான் சாபு நிறுத்தப்பட்டான். 1938இல் சோல்டான் கோர்டா இயக்கிய 'தி டிரம்' படத்தில் வடமேற்கு எல்லையின் இளவரசனாக வந்து, பறை முழக்கி பிரிட்டிஷ் படையைக் காப்பாற்றினான். வில்லனாகிய இளவரசனாக நடித்தவர் ரேமண்ட் மாசி என்ற வெள்ளை நடிகர், அவருக்கும் அரிதாரம்தான். அந்தப் படத்துக்குப் பம்பாயிலும் சென்னையிலும் எதிர்ப்பு எழுந்தது. ஆங்கிலேயரைக் காக்கும் இந்தியன் நல்லவன், எதிர்ப்பவன் கொடியவன் என்ற கணக்கை அன்றைய மக்கள் உடனே கண்டுகொண்டார்கள். ரோப்சனுக்கு முப்பத்தேழு வயதில் விளங்கியதைப் பதினான்கு வயதுச் சிறுவன் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. ஆனால் எழுதியவர்கள் வளர்ந்த மனிதர்கள். கணக்கை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

1940இல் வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' சாபுவின் புகழின் உச்சம். ஒளிப்பதிவு, கலை, சிறப்புக் காட்சிகள் என மூன்று ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற படம். அதில் குடுவையிலிருந்து எழும் பூதமாக நடித்தவர் ரெக்ஸ் இங்கிராம் என்ற கறுப்பின அமெரிக்க நடிகர். காராபுரத்துச் சிறுவனும் அமெரிக்க அடிமை வரலாற்றின் வாரிசும் ஒரே சட்டகத்தில் பேசிக்கொள்ளும் அந்தக் காட்சிகளே படத்தின் உயிர். ஆனாலும் இளவரசியை மணப்பவர் ஜான் ஜஸ்டின் என்ற வெள்ளை நடிகர். சாபு திருடன், தோழன், தூதன். இங்கிராம் அடிமைப் பூதம். ஒருவன் என்றும் சிறுவன், மற்றவன் மனிதனே இல்லை. காதலனாகும் தகுதி இருவருக்கும் இல்லை. 1942இன் 'அரேபியன் நைட்ஸ்' படத்திலும் காதல் ஜான் ஹாலுக்கு. சாபுவுக்கு உதவியாளன் வேடம். இதற்கு எழுதப்பட்ட விதியே அமெரிக்காவில் இருந்தது. 1930இல் வகுக்கப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட் தணிக்கை நெறி, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் உறவுகொள்வதாகக் காட்டக் கூடாது என்றது. எழுத்தில் கறுப்பினம் என்று மட்டும் இருந்தாலும் வழக்கத்தில் அதன் நிழல் ஆசிய நடிகர்கள் மீதும் விழுந்தது. 1937இன் 'தி குட் எர்த்' படத்தில் சீனக் குடியானவப் பெண்ணாக நடிக்க விரும்பிய சீன அமெரிக்க நடிகை அன்னா மே வோங்குக்கு அந்த வேடம் தரப்படவில்லை. கணவனாக வெள்ளை நடிகர் இருந்ததால் மனைவியும் வெள்ளை நடிகையானார். நடித்த லூயிஸ் ரெய்னர் அதற்காக ஆஸ்காரும் பெற்றார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அடிமைச் சந்தையில் விற்கப்பட்ட மக்களின் வரலாறும், மகாராஜாவின் கொட்டாரத்தில் வளர்ந்த சிறுவனின் வரலாறும் ஒன்றாகுமா? சாபு கறுப்பினத்தவர் இல்லையே? நியாயமான கேள்விதான், இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. 1940இல் 'கான் வித் தி விண்ட்' படத்துக்காக ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல், அதே விருது விழாவில் தனி மேசையில் உட்கார வைக்கப்பட்டார். படத்தின் அட்லாண்டா முதல் காட்சிக்கு அவரால் செல்லவே முடியவில்லை. அந்த அவமானத்துக்கு நிகராக எதையும் சாபுவின் வாழ்விலிருந்து நான் எடுத்து நீட்டப்போவதில்லை. நான் ஒப்பிடுவது அவர்களின் துன்பத்தின் அளவை அன்று, திரை அவர்களுக்கு ஒதுக்கிய இடத்தை. அந்த இடம் ஒன்றே: பணிவிடை, விசுவாசம், வேடிக்கை, வியப்பு. சட்டத்தின் முன்னும் சாபுவின் மக்களுக்கு ஒரு சுவர் இருந்தது. இந்தியர்கள் வெள்ளையர் ஆகமாட்டார்கள், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல்தான் அந்தத் தடை சட்டத்தால் நீங்கியது. அந்தத் தடை இருந்தபோதிலும், சாபு 1944இலேயே அமெரிக்கக் குடிமகனாகி, அந்நாட்டு விமானப்படையில் சேர்ந்தார். பசிபிக் போர்முனையில் பி-24 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பணியாற்றி வீரப் பதக்கம் பெற்றார்.

போரிலிருந்து திரும்பியபோது அவர் இருபதுகளில் இருந்த முழு மனிதர். திரைக்கோ இன்னமும் சிறுவனே தேவைப்பட்டான். 1947இன் 'பிளாக் நார்சிசஸ்' படத்தில் அவருக்கு இளம் சேனாதிபதி வேடமும் ஒரு காதலும் கிடைத்தன. காதலியாக வந்தவர் உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசிய ஆங்கில நடிகை ஜீன் சிம்மன்ஸ். அதன் பிறகு வாய்ப்புகள் சிறுத்தன. இத்தாலியில் விட்டோரியோ டி சிக்காவோடு ஒரு படம், லண்டனில் யானைகளோடு சர்க்கஸ் என்று 1950கள் கழிந்தன. 'மதர் இந்தியா' படத்தின் பிர்ஜு வேடத்துக்கு மெஹபூப் கான் முதலில் சாபுவை எண்ணியிருந்தார். அனுமதிச் சிக்கலால் அது கைகூடாமல் போக, வேடம் சுனில் தத்துக்குச் சென்றது. ஓர் இந்தியப் படத்திலும் நடிக்காமலேயே சாபு 1963 டிசம்பர் 2 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 39. அவருடைய கடைசிப் படம் 1964இல் திரைக்கு வந்தது. அதில் அவர் புலி பழக்கத் தெரிந்த இந்தியர். யானையில் தொடங்கியது புலியில் முடிந்தது.

அதே 1964 ஏப்ரலில், சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருதை சிட்னி பாய்ட்டியர் பெற்றார். முதன்மை நடிகருக்கான விருது கறுப்பினத்தவர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. சாபுவின் கதவு மூடிய அதே ஆண்டில் பாய்ட்டியரின் கதவு திறந்தது ஏன்? திறமை வேறுபாடு என்று சொல்லிக் கடந்துவிடலாம். அதை ஏற்க முடியாமைக்கு ஒரு சான்று தருகிறேன். ரோப்சனையும் சாபுவையும் பேரரசின் பக்தர்களாக்கிய அதே சோல்டான் கோர்டா, 1950களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், ஆலன் பேட்டனின் நாவலைத் தழுவி 'க்ரை, தி பிலவட் கன்ட்ரி' படத்தை எடுத்தார். அதில் கறுப்பினப் பாதிரிமார்களாக நடித்தவர்கள் கனடா லீயும் இளைஞரான பாய்ட்டியரும். அந்நாட்டின் நிறவெறிச் சட்டத்தின் கீழ் இயக்குநரின் ஒப்பந்தப் பணியாட்களாகப் பதிவு செய்யப்பட்டே தாங்கள் உள்ளே வர முடிந்தது என்று பாய்ட்டியர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வாழ்வில் அத்தனை இழிவு; படத்திலோ அவர்கள் துயரமும் சிந்தனையும் உடைய முழு மனிதர்கள். நிறவெறியை எதிர்த்த ஓர் எழுத்தாளரின் கதை கைக்கு வந்ததும் அதே இயக்குநரின் கேமராவும் மாறியது.

இரண்டாவது காரணம் அரங்கு. பாய்ட்டியரின் பின்னால் ஒரு மக்கள் திரள் இருந்தது. 1919இல் முதல் படத்தைத் தொடங்கி நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த மிஷோவின் படங்களைக் கறுப்பினத்தவர் அரங்குகள் திரையிட்டன. கறுப்பினப் பத்திரிகைகள் பாத்திரங்களை விமர்சித்தன. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வால்டர் ஒயிட் 1940களில் ஹாலிவுட் முதலாளிகளை நேரில் சந்தித்து இழிவான வேடங்களை மாற்றக் கோரினார். பின்னர் குடிமை உரிமைப் போராட்டம் தெருவுக்கே வந்தது. சாபுவுக்கு அத்தகைய கூட்டம் இல்லை. 1946 சட்டம்கூட ஆண்டுக்கு நூறு இந்தியர்களையே அனுமதித்தது. அவர் பேரும் புகழும் பெற்ற தனி மனிதர். தனி மனிதனின் புகழ் கிணற்றில் இறைத்த ஒரு வாளித் தண்ணீர். இயக்கம் பின்னால் இருந்தால் அது வாய்க்கால்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. கிடைத்த வேடம் பிழைப்பைத் தந்ததே, புகழைத் தந்ததே, இழிவு என்று இப்போது தூற்றுவது நன்றிகேடு ஆகாதா? பணிப்பெண்ணாக உழைப்பதைவிடப் பணிப்பெண்ணாக நடிப்பது மேல் என்ற கருத்து மெக்டேனியலின் பெயரிலேயே வழங்குகிறது. அந்த நடிகர்களை நான் தூற்றவில்லை. குறுகிய வேடத்துக்குள்ளும் மனித மாண்பைப் புகுத்தியவர்கள் அவர்கள். அவர்கள் திறந்த விரிசல் வழியாகவே அடுத்தவர்கள் நுழைந்தார்கள். ஆனால் விரிசலை வாசல் என்று கொண்டாடக் கூடாது. மெக்டேனியலுக்குப் பிறகு நடிப்புக்கான போட்டி ஆஸ்கார் இன்னொரு கறுப்பினக் கலைஞருக்குக் கிடைக்க இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின. முதன்மை நடிகைக்கான விருதை 2002இல் ஹாலி பெர்ரி பெற்றார்; அவருக்குப் பின் எந்தக் கறுப்பின நடிகையும் அதைப் பெறவில்லை. விருது ஒரு நாளின் செய்தி. அதற்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட வேடங்களைப் பார்த்தே வளர்ச்சியை அளக்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் திரையில் நிறம் ஒரு தடையில்லை, ரஜினிகாந்தையும் விஜயகாந்தையும் முரளியையும் பாருங்கள் என்று தமிழர்கள் பெருமையோடு சொல்வது உண்டு. ஆண் நட்சத்திரங்களைப் பொறுத்தவரை அது உண்மை. தமிழ்த் திரைக்கு அது பெருமையும்கூட. ஆனால் அந்தக் கறுத்த நாயகர்களுக்கு இணையாக எத்தனை கறுத்த நாயகிகளைக் காட்ட முடியும்? 1978இல் கே. பாலசந்தர் அறிமுகப்படுத்திய சரிதா நினைவுக்கு வருகிறார். மற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மொழி தெரியாத வெளுத்த முகம், இரவல் குரலோடு, மதுரை வயல்காட்டுப் பெண்ணாக நடப்பது நமக்கு உறுத்தாத அளவுக்குப் பழகிப்போயிற்று. 2019இல் வந்த 'பாலா' என்ற இந்திப் படம் கறுத்த பெண் படும் இழிவைப் பேசியது. பேசிய பாத்திரத்தை ஏற்ற பூமி பெட்னேகருக்கோ கருமை பூசப்பட்டது. நிறப் பாகுபாட்டைக் கண்டிக்கும் கதைக்குள்ளும் ஒரு கறுத்த நடிகைக்கு இடமில்லை என்றால், அது பாகுபாட்டின் ஆழத்தையே காட்டுகிறது.

நடிப்பு என்பதே வேறொருவராக மாறுவதுதானே, யாரும் யாராகவும் நடிக்கலாமே என்று கலைஞர்கள் கேட்பார்கள். உயர்ந்த கொள்கை அது. இரு திசையிலும் ஓடும் நாளில் நானும் அதை ஏற்பேன். ஹாலோவே மைசூர்ப் பாகனாகலாம் என்றால், சாபு ஆங்கில மருத்துவராகவோ நீதிபதியாகவோ ஆகியிருக்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் திறக்கும் கதவைக் கலைச் சுதந்திரம் என்று அழைப்பதற்கில்லை. அந்தக் கதவை மறு திசையில் திறக்க முயன்ற ஒரு தமிழரை இங்கே நினைக்க வேண்டும். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல், மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடிக்க பி. கே. ரோசி என்ற தலித் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது ஆதிக்க சாதியினர் வெகுண்டார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. எழுதிய கை நியாயமாக இருந்தும் அரங்கு பகையாக இருந்ததால் ஒரு நடிகையின் வாழ்க்கை முதல் படத்தோடு முடிந்தது. நான் சொன்ன இரண்டு நிபந்தனைகளில் ஒன்று மட்டும் போதாது என்பதற்கு ரோசியே சான்று.

சந்தை ஏற்காது என்பது தயாரிப்பாளர்களின் கடைசி வாதம். அதற்கு எண்களே பதில் சொல்லிவிட்டன. நாகராஜ் மஞ்சுளே 2016இல் எடுத்த 'சைராட்' படத்தின் நாயகி ரிங்கு ராஜ்குரு, சிவப்பழகின் இலக்கணத்துக்கு அடங்காத கிராமத்துச் சிறுமி. அந்தப் படம் மராத்தித் திரையின் வசூல் வரலாற்றையே மாற்றியது. 2017இல் கன்னடத்தில் 'மனசு மல்லிகே' என்று மறுபடி எடுக்கப்பட்டபோதும் அதே ரிங்குதான் நாயகி. அமெரிக்காவில் 2018இல் 'பிளாக் பாந்தர்' உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. தமிழில் பா. ரஞ்சித்தும் மாரி செல்வராஜும் எழுதத் தொடங்கிய பிறகு கறுப்பு என்பது வில்லனின் அடையாளமாகவோ நகைச்சுவைப் பொருளாகவோ இல்லாமல் கதையின் கண்ணியமாகவே மாறியது. சந்தை முன்பும் இருந்தது. மாறியது எழுதும் கை.

கருநாடகத்துக்கு இதில் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. போர்த்துக்கீசியர் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த சித்தி மக்கள், உத்தர கன்னடத்தின் எல்லாபுரம், ஹளியாளக் காடுகளில் கன்னடமும் கொங்கணியும் பேசி வாழ்கிறார்கள். 2003இல்தான் அவர்களுக்குப் பழங்குடித் தகுதி கிடைத்தது. ஹெக்கோடுவின் நீநாசம் நாடகப் பள்ளியில் பயின்ற பிரசாந்த் சித்தி, கிரிஜா சித்தி போன்ற கலைஞர்கள் அவர்களிடமிருந்து வந்திருக்கிறார்கள். 2024இல் வெளியான ஜெயன் செரியனின் 'ரிதம் ஆஃப் தமாம்' படத்தில் சித்தி மக்களே நடித்தார்கள். கறுப்பின நடிகர் என்பவர் நமக்குத் தொலைதூரத்துச் செய்தியாக இல்லை. நம் மாநிலத்துக் குடிமகன். நஞ்சன்கூட்டிலிருந்து குண்டல்பேட்டை வழியாகப் போனால் பந்திப்பூரை அடுத்து முதுமலை. அங்கே தெப்பக்காடு யானை முகாமின் பொம்மனும் பெள்ளியும் தங்கள் சொந்தப் பெயரோடு, சொந்த மொழியோடு தோன்றிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கார் வென்றது. 1937இல் அதே வனத்தொடரின் யானைப்பாகனாக ஓர் ஆங்கிலேயர் சாயம் பூசி நடித்ததை நினைத்தால், எண்பத்தாறு ஆண்டுகளில் நடந்த தூரம் பெரியது. யானைப்பாகரின் பிள்ளைகள் கேமராவுக்குப் பின்னால் நின்று தங்கள் கதையைத் தாங்களே எழுதும் நாள்வரை அந்தப் பயணம் முடியவில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். சாபுவின் படங்களை உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் திரையிடுங்கள். அவர் முகத்தைப் பாராட்டிய பிறகு, பக்கத்தில் நிற்கும் சாயம் பூசிய முகங்களையும் சுட்டிக்காட்டிப் பேசுங்கள். காட்டோரக் குடியிருப்புகளிலிருந்தும் சித்தி ஊர்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு மேடை தருவதோடு நிறுத்தாமல், கதை எழுதவும் கேமரா பிடிக்கவும் கற்றுக்கொடுங்கள். அறக்கட்டளைகள் அதற்கு உதவித்தொகை வழங்கலாம். கபினிக் கரையில் பிறந்த ஒரு சிறுவனை உலகம் கண்டெடுத்தது, கொண்டாடியது, வளரவிடவில்லை. அடுத்த சிறுவனையும் சிறுமியையும் நாம் வளரவிட வேண்டும்.